குலத்தொழில் வேண்டாம், கைத்தொழில் வேண்டும்

என் அம்மா முப்பது வருடம் சித்தாளாக வேலை செய்தவர். செய்யாறு, ஆரணி, வந்தவாசி என்று எங்கள் வட்டாரத்தில் எழும்பிய எத்தனையோ வீடுகளுக்கு மணல் சுமந்தார், செங்கல் சுமந்தார், கலவை போட்டார். கலவையில் சிமெண்ட் குறைந்திருந்தால் மண்வெட்டி இழுபடும் விதத்திலேயே சொல்லிவிடுவார். சுவர் கொஞ்சம் சாய்ந்தாலும், தூக்குக்குண்டு விடுவதற்கு முன்பே அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட வேலை நடக்கும் இடத்தில் அவர் கையில் யாரும் கரணையைக் கொடுக்கவில்லை.

அவரோடு வேலைக்கு வந்த பையன்கள் இரண்டு மூன்று வருடத்தில் கரணை பிடித்தார்கள். கொத்தனார் ஆனார்கள். சிலர் மேஸ்திரி ஆகி, ஆள் வைத்து வேலை எடுத்தார்கள். அம்மா வேலைக்குச் சேர்ந்த அன்றும் சித்தாள், வேலையை விட்ட அன்றும் சித்தாள். கடைசியாக அவர் வேலைக்குப் போன வருடம் கொத்தனாருக்கு 900 ரூபாய், அவருக்கு 450 ரூபாய்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கழிப்பறை இருக்கிறது. 2015இல் கட்டியது. அரசு மானியம் பொருள் வாங்கவே சரியாகப் போனது, கொத்தனார் கூலிக்குப் பணம் இல்லை. பக்கத்து வீட்டில் கரணையும் ரசமட்டமும் இரவல் வாங்கி அம்மாவே சுவர் எழுப்பினார். அன்று நான்தான் சித்தாள். நான்கு நாளில் முடித்தார். இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

"இதெல்லாம் எப்பம்மா கத்துக்குன?" என்று கேட்டேன்.

"கத்துக்க இன்னா கீது? இத்தினி வருசமா பக்கத்துல நின்னு பாத்துகினுதானே இருந்தேன்" என்றார்.

நான் எம்.ஏ. சமூகவியல் படித்தபோது 'உழைப்பின் கண்ணியம்' பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எந்தப் பக்கத்திலும் அம்மாவின் இந்தப் பதில் இல்லை.

கைவேலை பற்றி நம் இயக்கங்களில் நாம் இரண்டு விதமாகப் பேசுகிறோம். பிள்ளைகளிடம் பேசும்போது, "இந்த வேலையெல்லாம் நம்மோடு போகட்டும், நீ படித்து நாற்காலியில் உட்கார்" என்கிறோம். மே நாள் மேடையில் ஏறினால் உழைக்கும் கைகளின் பெருமையைப் பேசுகிறோம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கரணையை ஏன் அம்மாவிடம் தரவில்லை என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை. தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. நான் செய்த ஒரு தவறைப் பற்றியதும்கூட.

நான் கேட்காமல் விட்டது

2016இல் எங்கள் காலனியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் இருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் மோட்டார் வைண்டிங் கடையில் போய் நிற்பான். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, எந்தச் சுற்றில் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பான். மையத்தின் மின்விசிறி நின்றுபோனபோது கெப்பாசிட்டரை மாற்றி ஓடவிட்டவன் அவன்தான். அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர வேண்டும் என்று விண்ணப்பமே வாங்கி வைத்திருந்தான்.

அவன் அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. "அவங்கப்பா மூட்ட தூக்குறாரு. நான் கழனி வேலைக்குப் போறேன். இவனும் கையெல்லாம் கிரீஸோட திரியணுமா? நீயே சொல்லும்மா" என்று என்னிடம் வந்தார். நான் சொன்னேன். நம் பிள்ளைகள் பட்டம் படிக்க வேண்டும், ஐ.டி.ஐ.க்கு அனுப்புவது நம்மைக் கீழேயே வைத்திருக்கும் வழி என்று அரை மணி நேரம் பேசினேன். கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினேன். பையன் ஒன்றும் பேசவில்லை. பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்தான். பிறகு ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. சேர்ந்தான். அந்தப் படிப்பில் அவனுக்கு மனம் ஒட்டவே இல்லை. அரியர் சேர்ந்துகொண்டே போனது. இன்று சென்னையில் பைக்கில் உணவு விநியோகம் செய்கிறான்.

இரண்டு வருடம் முன்பு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "நீங்க சொன்னது தப்புன்னு சொல்லலக்கா. ஆனா எனக்கு இன்னா புடிக்கும்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறப்பு ஒருவனுக்குத் தொழிலைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் மேடையில் பேசுகிறவள். அவனுக்குப் பதிலாக நான் தீர்மானித்திருந்தேன். பயம்தான் காரணம். கையில் அழுக்குப் பட்டால் சேரிக்கே திரும்பிவிடுவோம் என்ற பயம். அந்தப் பயத்தை நம்மிடம் விதைத்தது யார் என்று பார்க்க வேண்டும்.

பெயர் வைக்கப்படாத திறமை

நம் மக்களிடம் திறமை இல்லாமல் இருந்ததே இல்லை. அதற்குத் திறமை என்று பெயர் வைக்கத்தான் யாரும் முன்வரவில்லை.

வட மாவட்டங்களின் ஏரிப்பாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்து, எந்தக் கழனிக்கு எந்த முறையில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டுப் பாய்ச்சுகிறவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் நம் மக்கள். மழை எப்படிப் பெய்திருக்கிறது, ஏரியில் எத்தனை அடி நிற்கிறது, அது எந்தப் பயிருக்கு எத்தனை நாள் வரும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். இதையே படித்து வந்து செய்பவருக்குப் பாசனப் பொறியாளர் என்று பெயர். நீர்க்கட்டிக்கு அறுவடையில் கொஞ்சம் நெல் அளந்து கொடுத்து அனுப்பினார்கள். அவர் தண்ணீர் பாய்ச்சிய நிலத்தில் அவருக்கு ஒரு சென்ட்கூட இல்லை.

தோலை எடுத்துக்கொள்ளுங்கள். செத்த மாட்டை உரித்து, தோலைப் பதப்படுத்தி, செருப்பாகவும் பறையாகவும் ஆக்கும் அறிவை நம்மிடம் வைத்துவிட்டு, அந்த அறிவைக் காரணம் காட்டியே ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. இன்று தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். பட்டம் இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஏற்றுமதித் தொழிலாகிவிட்டது. அதே தோல்தான். பட்டத்தோடு தொட்டால் தொழில்நுட்பம், பிறப்போடு தொட்டால் தீட்டு.

குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளைப் படித்துப் பாருங்கள். தொழிலாளர்களைத் திறன் பெற்றவர், பகுதித் திறன் பெற்றவர், திறனற்றவர் என்று பிரித்திருப்பார்கள். சித்தாள் திறனற்றவர். நாற்று நடுகிறவரும் பெருக்குகிறவரும் அதே வரிசையில்தான் வைக்கப்படுகிறார்கள். நாற்று நட்டுப் பழக்கமில்லாதவரை ஒரு நாள் சேற்றில் இறக்கிவிடுங்கள். ஒரு வரிசை நேராக வராது, மறுநாள் எழுந்து நிற்க முடியாது. அந்த வேலைக்குத் திறமை தேவையில்லை என்று எழுதிய கை எந்தச் சேற்றில் இறங்கியது?

உழைப்பையும் திறமையையும் பிரித்துப் பார்ப்பது ஏதோ இயற்கையான அளவுகோல் என்று நினைத்துவிடாதீர்கள். யார் செய்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் வேலைக்குப் பெயர் வைக்கிறார்கள். சித்தாள் வேலையில் சாதியோடு பெண் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கரணை கைக்கு வராமல் போனதற்கு அம்மாவுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

இரண்டு கதவுகள்

1936இல் அண்ணல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' நூலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று அவர் அதில் காட்டுகிறார். அதே பகுதியில் இன்னொன்றும் சொல்கிறார், அதை நாம் அதிகம் பேசுவதில்லை. மனம் விரும்பாத, சமூகம் இழிவென்று ஒதுக்கிய வேலையில் ஒருவனைக் கட்டிப்போட்டால் அவன் அறிவும் மனமும் அந்த வேலையில் இருக்காது என்கிறார். தேவை மாறும்போது வேறு தொழிலுக்கு நகர விடாமல் தடுப்பதால் சாதியே வேலையின்மைக்கும் காரணமாகிறது என்கிறார்.

இங்கே அவருடைய கோபம் தொழில்மீது இல்லை. ஒருவன் தொழிலிலிருந்து வெளியே போக முடியாமல் கதவை அடைத்திருப்பதன்மீது.

உள்ளே வர முடியாமல் அடைத்த கதவையும் அவர் விடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே தீண்டப்படாத மக்களுக்கு இடமில்லை. ஓடத்தில் புதிய நூலை மாட்டும்போது அதை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. ஒரு மகர் வாய் வைத்த ஓடத்தில் தாங்கள் வாய் வைக்க முடியாது என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் ஒற்றுமை பேசிய தலைவர்களிடம் அண்ணல் இதைக் கேள்வியாக வைத்தார். முதலாளியை எதிர்ப்பதில் ஒன்றாக நிற்கும் தொழிலாளி, தறிக்கு முன்னால் ஏன் ஒன்றாக நிற்க மறுக்கிறான்?

பத்து வருடம் கழித்து, 1938இல் மன்மாடில் ரயில்வேயில் வேலை செய்த ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்களின் மாநாட்டில் பேசியபோதும் இதையே எடுத்துக் காட்டினார். நம் ஆட்கள் தண்டவாளத்தில் கேங்மேனாகவே கிடந்து முடிகிறார்கள். போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை, ஏனென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் பயன்படுத்துவார், தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விட முடியாது. ரயில்வே பணிமனைகளிலும் மெக்கானிக் வேலைக்கு நம்மை எடுப்பதில்லை. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் உழைக்கும் மக்களின் இரண்டு எதிரிகள் என்று அவர் அறிவித்தது இந்த மாநாட்டில்தான். அந்த அறிவிப்பை நாம் சுவரொட்டியில் போடுகிறோம். அதற்கு அவர் அடுக்கிய சான்றுகளில் பணிமனையும் ஸ்பேனரும் இருந்ததை மறந்துவிடுகிறோம்.

1942இல் வைஸ்ராய்க்கு அவர் அளித்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு உயர்கல்விக்கான நிதியோடு தொழில்நுட்பப் பயிற்சியையும் கேட்டார். வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தவர், நம் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகமும் வேண்டும், பட்டறையும் வேண்டும் என்றார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை.

ஆகவே எந்தத் தொழிலைப் பற்றிப் பேசினாலும் இரண்டு கதவுகளைப் பாருங்கள். விரும்பிய எவரும் உள்ளே வர முடிகிறதா? விரும்பாதவர் வெளியே போக முடிகிறதா? குலத்தொழிலுக்கு வெளியே போகும் கதவு இல்லை. நல்ல கூலியுள்ள தொழில்களுக்கு நாம் உள்ளே வரும் கதவு இல்லை. பூட்டு ஒன்றுதான், தொங்கும் இடம்தான் வேறு.

குலக்கல்வியின் புதிய உடைகள்

"தொழில் கற்றுக்கொள்வது நல்லதுதானே, எதற்கு எதிர்க்கிறீர்கள்?" என்று நம்மைக் கேட்பவர்களுக்கு இந்தக் கதவுக் கணக்குதான் பதில்.

1953இல் ராஜாஜி ஆட்சியில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றார்கள். பெரியார் இயக்கமும் தி.மு.க.வும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லித் தெருவில் இறங்கின. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தத் திட்டத்தில் தச்சு கற்பது குற்றமாக இருக்கவில்லை. தச்சர் மகன் தச்சையும் வெட்டியான் மகன் வெட்டியான் வேலையையும் கற்பான், கணக்குப்பிள்ளை மகன் வீட்டில் கணக்கைக் கற்பான் என்பதுதான் குற்றம்.

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், 18 வயது நிரம்பியவர்கள், குறைந்த வட்டியில் கடன், கருவி வாங்க 15,000 ரூபாய். பட்டியலில் தச்சர், பொற்கொல்லர் இருக்கிறார்கள். செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், துணி வெளுப்பவர், கூடை முடைபவரும் இருக்கிறார்கள். குடும்பம் வழிவழியாகச் செய்துவந்த தொழில் என்பதை அடிப்படையாக வைத்ததுதான் அதன் முடிச்சு. கல்லூரிக்குப் போக வேண்டிய 18 வயதில் அப்பாவின் கருவிப்பெட்டியை எடுத்துக் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு அரசு இந்த நிபந்தனைகளை மாற்றச் சொன்னது. ஒன்றிய அரசு மாற்றாததால் திட்டத்தை ஏற்க மறுத்து, 35 வயதுக்கு மேற்பட்ட எவரும் எந்தத் தொழிலுக்கும் விண்ணப்பிக்கலாம் என்ற விதியோடு 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. காகிதத்தில் இது உள்ளே வரும் கதவைத் திறக்கிறது. நடைமுறையில் பொற்கொல்லர் தொழிலுக்கு எத்தனை அருந்ததியர் இளைஞர்கள் வருகிறார்கள், செருப்புத் தொழிலுக்கு எத்தனை ஆதிக்க சாதி இளைஞர்கள் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நம் வேலை.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் பயிற்சி என்கிறது. பத்து நாள் பையில்லாமல் வந்து தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பழக வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. நகரத்துப் பெரிய தனியார் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பத்து நாளில் செருப்புத் தைப்பவர் முன்னால் உட்காருவார்களா? ஆதிதிராவிடர் நலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நாளில் ஓர் ஆய்வுக்கூடம் திறக்குமா? எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பயிற்சி என்றால் நானும் கை தட்டுவேன்.

இதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது நம் வகுப்பறைகளில் நடப்பதை. நன்றாகப் படிக்கும் சேரிப் பிள்ளையைப் பார்த்து, "உனக்கெதுக்கு இஞ்சினியரிங், ஐ.டி.ஐ. போய் சீக்கிரம் சம்பாதி" என்று சொல்லும் ஆசிரியரை எனக்குத் தெரியும். தன் பிள்ளைக்கு அவர் அதைச் சொல்ல மாட்டார். தன் பிள்ளைக்குச் சொல்லாத அறிவுரையை ஊரார் பிள்ளைக்குச் சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். அந்த ஆசிரியருக்குப் பயந்துதான் நான் அந்தப் பையனைத் தடுத்தேன். அவர் நம் பிள்ளைகளை ஐ.டி.ஐ.க்குத் தள்ளினார், நான் ஐ.டி.ஐ.யிலிருந்து தள்ளினேன். இருவருமே பிள்ளையைக் கேட்கவில்லை.

தரிசாகக் கிடந்த வயல்

கையா, புத்தகமா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் எனக்கு அய்யன்காளி நினைவுக்கு வருவார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஆதிக்க சாதியினர் மறுத்தார்கள். அய்யன்காளி வயல் வேலையை நிறுத்தச் சொன்னார். எங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நுழையாதவரை எங்கள் கை உங்கள் வயலில் இறங்காது என்பதுதான் அதன் பொருள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. பட்டினி கிடந்தும் மக்கள் பின்வாங்கவில்லை. கடைசியில் நிலவுடைமையாளர்கள் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வர வேண்டியிருந்தது.

அந்த வேலைக்குத் திறமை தேவையில்லை என்றால் நிலக்காரர்களே இறங்கி நட்டிருக்கலாமே? தங்கள் கையின் மதிப்பு அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொண்டே புத்தகத்தை வாங்கினார்கள். கைத்திறமையை இழிவென்று நினைத்திருந்தால் அந்தப் போராட்டமே நடந்திருக்காது. கைத்திறமை போதும் என்று நினைத்திருந்தாலும் நடந்திருக்காது.

பறையும் நமக்கு இதைத்தான் சொல்கிறது. சாவு வீட்டில் பறையடிக்க மறுத்ததற்காக நம் ஊர்களில் எத்தனை பேர் அடி வாங்கியிருக்கிறார்கள், எத்தனை சேரிகளை ஊரார் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மறுப்பு சாதி ஒழிப்புப் போராட்டம். இன்று கல்லூரி மாணவிகள் பறை கற்று மேடையில் ஆடுகிறார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இதுவும் சாதி ஒழிப்பில் ஒரு பகுதி. கட்டாயத்தில் அடிப்பதை மறுத்ததால்தான் விருப்பத்தோடு அடிக்க முடிந்தது. கருவி மாறவில்லை. முடிவெடுக்கும் கை மாறியிருக்கிறது.

ஒரே ஒரு வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மலக்குழிக்குள் மனிதர் இறங்குவதைத் திறமை என்றோ சேவை என்றோ யாராவது பெருமை பேசினால் அங்கேயே எழுந்து நின்று மறுக்க வேண்டும். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்சநீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இதில் திறக்க வேண்டியது வெளியேறும் கதவு மட்டும்தான். 2013 சட்டத்திலேயே அந்தக் கதவு எழுதப்பட்டிருக்கிறது. விடுவிக்கப்பட்டவரின் குடும்பத்தில் ஒருவருக்காவது வேறொரு தொழிலில் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை. உங்கள் நகராட்சியில் இது யாருக்குக் கிடைத்தது என்று கேளுங்கள். கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய இயந்திரம் வந்திருந்தால், அதை இயக்கும் பயிற்சியும் சம்பளமும் யாருக்குப் போனது என்றும் கேளுங்கள். குழிக்கு நாம், இயந்திரத்துக்கு வேறு ஆள் என்றால் அதுவும் அதே பூட்டுதான்.

நாம் செய்யக்கூடியவை

மாணவத் தோழர்கள் பல பேர் "சரிக்கா, நாங்க இன்னா செய்யறது?" என்று கேட்பீர்கள். என் வேலையில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961 என்று ஒன்று இருக்கிறது. அதன்கீழ் தொழிற்சாலைகள் பழகுநர்களை எடுக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று 1973இல் திருத்தம் வந்தது. நம்மில் பலருக்குக் கல்லூரி இடஒதுக்கீடு தெரியும், இது தெரியாது. உங்கள் மாவட்டத்துச் சிப்காட்டில் எத்தனை பழகுநர்கள், அதில் எத்தனை பேர் நம் பிள்ளைகள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்தாலும் போராட்டத்துக்குப் பொருள் கிடைக்கும், வராவிட்டாலும் கிடைக்கும்.

ஐ.டி.ஐ. ஒரு முட்டுச்சந்து என்ற எண்ணத்தை மாற்றுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ.க்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். டர்னர், ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கு மனுநீதி சாதி வைக்கவில்லை. எழுதியபோது அவை இல்லை. அவற்றுக்கும் சாதியைக் கொண்டுவர ஆட்கள் முயல்வார்கள், ஏ.சி. ரிப்பேருக்குப் போகும் பையனிடம் "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று கேட்பார்கள். அதனால்தான் சங்கமும் சட்டமும் கூடவே வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நலவாரிய அட்டையை எடுத்துப் பாருங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994 முதல் இருக்கிறது. பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, என்ன வேலை என்று பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் திட்டங்கள் வந்திருக்கின்றன. சான்றிதழ் வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், அதற்கேற்ற கூலியைக் கேளுங்கள். கூலி கூடாத சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

பெண்களின் கையில் கருவி வர வேண்டும். ஜார்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான பெண்கள் கொத்தனார் பயிற்சி பெற்றார்கள். ராணி மிஸ்திரி என்று அவர்களுக்குப் பெயர். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? ஊரக வேலைத் திட்டத்துக்கும் ஊராட்சி ஒப்பந்தத்துக்கும் கிராமசபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் வழிகாட்டல் கேட்டு ஒரு பிள்ளை வந்தால், அறிவுரை சொல்வதற்கு முன்னால் உட்கார வைத்து, உனக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். மருத்துவம் என்றால் நீட்டுக்கு என்ன வழி என்று தேடுங்கள். தத்துவம் என்றால் நல்ல பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். மோட்டார் என்றால் நல்ல ஐ.டி.ஐ.யைத் தேடுங்கள். மூன்றுக்கும் ஒரே மரியாதை, ஒரே உழைப்பு. அந்தப் பிள்ளை நாளைக்கு மனம் மாறினால் மாறவும் வழி வைத்திருங்கள். நான் இதை எட்டு வருடம் தாமதமாகக் கற்றேன், அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை.

சென்னையிலிருக்கும் அந்தப் பையனோடு இப்போதும் பேசுகிறேன். வார விடுமுறையில் ஒரு வைண்டிங் கடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். மறுபடி ஐ.டி.ஐ. சேரலாமா என்று விசாரிக்கச் சொன்னான். அறை வாடகையையும் வண்டிக் கடனையும் வைத்துக்கொண்டு அது முடியுமா என்று இருவருக்கும் தெரியவில்லை. இந்த முறை அவன் கேட்டதை மட்டும் விசாரித்துச் சொல்லியிருக்கிறேன், முடிவை அவனிடம் விட்டிருக்கிறேன்.

போன மாதம் ஆரணிக்குப் போனபோது அம்மாவுக்கு ஒரு கரணை வாங்கி வந்தேன். மரப்பிடி போட்ட நல்ல கரணை. "இத்த வச்சிகினு இந்த வயசுல நான் இன்னா பண்ண?" என்று சிரித்தார். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தேன். முன்வாசலில் படி உடைந்துபோய்க் கிடந்த இடத்தில் புதிய பூச்சு ஈரமாக இருந்தது. காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜெய்பீம்.